ஒரு காசு, இரண்டு பிள்ளைகள்

மாலை ஆறு மணி. பழைய சர்ச்சுக்குப் போகிற மண் சாலை. ஆள் நடமாட்டமே கிடையாது... அதில் ஒருவர் மட்டும் தினமும் ஓட்டமும் நடையுமாகப் போவார். என் நண்பனின் மச்சான். சிரிக்காதீர்கள், கதை இனிமேல்தான்.

இடிந்த சர்ச்சின் தரையைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அடியில் வரிசையாக எலும்புக்கூடுகள். கண்ணுக்கு ஒன்றாகச் செப்புக் காசு. செத்தவர் கண் மூடியே இருக்கட்டும் என்று வைத்ததாம். எதையும் எடுக்காமல், எழுதிக்கொண்டு அப்படியே மூடிவிடுவதாக ஏற்பாடு. பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக் காசைக் குறித்துக்கொள்வது மச்சான் வேலை. ஒரு நாள் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சின்ன மண்டை ஓட்டின் ஒரு கண்ணிலிருந்த காசை எடுத்து விற்றுவிட்டார்.

அன்று ராத்திரி அவர் மகள் தூங்கும்போது ஒரு கண் மூடவில்லை. விரலால் இழுத்து மூடினாலும்... மெல்லத் திறந்தது. சொட்டு மருந்து கேட்கவில்லை. நாலாம் நாள் கண்ணில் ஈரமே இல்லை, பிள்ளை துடிக்கிறது. காசைத் திரும்பக் கேட்டு ஓடினார், வாங்கியவனோ அதை உருக்கிவிட்டான். அந்த மண்டை ஓட்டின் கண்ணில் வேறு காசு வைத்துப் பார்த்தார். பலனில்லை.

குழியில் பக்கத்திலேயே இன்னொரு சின்ன எலும்புக்கூடு. அதன் ஒரு கண் காசை எடுத்து இதன் வெறுங்கண்ணில் வைத்தார். 'டிக்'. ஈரச் சுண்ணாம்பு வாடை. வீட்டுக்கு வந்தால் மகள் இரண்டு கண்ணையும் மூடித் தூங்குகிறாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்துப் பாயில் மகன். அவனுக்கு ஒரு கண் திறந்திருந்தது.

"ஐயோ, என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

தோண்டும் வேலை முடிந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு அந்தச் சாலை. ஒரு நாள் மகளுக்கு, ஒரு நாள் மகனுக்கு. அந்த ஒரே காசை மாற்றி மாற்றி வைப்பார். பாவி மனுஷன்... திருடியது அவர், அனுபவித்தது பிஞ்சுகள்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் குழி இல்லை. தரை முழுக்கச் சிமென்ட். தொட்டுப் பார்த்தார், நன்றாக இறுகியிருந்தது. நகம் பெயரும்வரை சுரண்டினார்.

வீட்டு வாசலில் மகன் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"அப்பா, இன்னைக்கு என் முறைதானே?"