ஃபியூஸ் இருந்த இடம்

என் பழைய கார் மேடு ஏறும்போது திணறும். அதற்காகத்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன், ஐயா. இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதினால் இழுவை கூடும். ஊத ஒரு விசிறி, அதைச் சுழற்ற ஒரு மோட்டார், ஓட்டுபவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேட்டரி. எல்லாம் வீட்டு ஷெட்டில் நானே செய்தது. ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கினால் அதன் அடியில் வைத்த சுவிட்ச் அழுந்தி விசிறி சுற்றும்.

ஃபியூஸ் மட்டும் அடிக்கடி எரிந்துபோனது. அதைக் கழற்றிவிட்டு ஒரு செம்புத் தகட்டை அந்த இடத்தில் முடுக்கினேன்.

முதல் தடவை நான்தான் ஓட்டினேன். பாதி மேட்டில் முதுகுக்குப் பின்னால் ரப்பர் கருகும் வாடை. காலை எடுத்தும் விசிறி நிற்கவில்லை; சுவிட்ச் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் கதவின் கைப்பிடி கைக்கு அகப்படவில்லை. எப்படியோ இறங்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்துபோனது.

மேட்டின் அடியில் நின்ற தங்கை கணவருக்கு நான் நடுங்கியது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன மச்சான், உங்க காரைப் பாத்து நீங்களே பயப்படுறீங்க?"

அன்று முதல் சாப்பிடும்போதும், நாலு பேர் வந்திருக்கும்போதும் அதே பேச்சு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

பத்து நாளில் ஒயரை மாற்றினேன். சுவிட்சையும் மாற்றினேன், பழையதைப் போலவே ஒன்று. செம்புத் தகட்டைத் தொடவில்லை.

"இந்தத் தடவை நீங்க ஓட்டுங்க, மாப்பிள்ளை. உச்சிக்குப் போற வரைக்கும் காலை எடுக்காதீங்க" என்றேன்.

அவர் சாவியை வாங்கியபோது தங்கை வெளியே வந்தாள்.

"அண்ணா, நானும் ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "இறங்கு" என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாளே. அவள் பக்கத்துக் கதவை நானே சாத்தினேன்.

பாதி மேட்டில் புகையைப் பார்த்ததும் ஓடினேன். நான் போய்ச் சேரும் வரை எந்தக் கதவும் திறக்கவில்லை. இரண்டு பேரையும் உயிரோடு வெளியே எடுக்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. தங்கையை இறக்கிவிட்டு அவரை மட்டும் அனுப்பியிருக்க வேண்டும். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.