ஸ்டாண்டு செய்தவன்

காபி வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, தண்ணீர் போதும். சித்திரை வெயிலில் நடந்து வந்தவனுக்குக் காபி இறங்காது.

என் பெயர் வீரபாகு. பட்டு நெசவு. என் தங்கை பூங்காவனத்தின் புருஷன் சம்பந்தமும் நெசவாளிதான். இருவரும் சேர்ந்து ஒரு தொலைநோக்கி செய்தோம். அவன் ஏழு மாதம் தேய்த்துக் கண்ணாடியைக் குழியாக்கினான். ஸ்டாண்டு என்னுடையது. பழைய தறிமரத்தை அறுத்து, களம்பூர் ரைஸ்மில்லில் கழித்துப் போட்ட பேரிங்கைப் பூட்டினேன். கைப்பிடியை மெல்லச் சுற்றினால் வானத்தில் நகர்வதைக் குழாய் விடாமல் பின்தொடரும். ஒன்பது மாத உழைப்பு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைத்தான் புகழ்ந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பந்தமும் அவர்கள் எதிரிலேயே, "கண்ணாடிதான் மச்சான் உசுரு. ஸ்டாண்டுக்கு நாலு செங்கல்ல அடுக்கி வெச்சா போதாதா?" என்று சிரித்தான். விளையாட்டுப் பேச்சுதான்.

பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் இருவர் மட்டும் மாடியில். சூரியனைப் பார்க்கும்போது, காசளவு ஓட்டை போட்ட அட்டையால் குழாயின் வாயை மூடுவோம். கண் வைக்கும் இடத்தில் புகை பிடித்த கண்ணாடித் துண்டு. அட்டை இல்லையென்றால் துண்டு சூடேறி வெடிக்கும். தனியாகச் சோதித்தபோது எனக்கு ஒன்று வெடித்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அட்டை போடுவது என் வேலை. அன்று போடவில்லை.

இழையில் குறை தேடும்போது நெசவாளி ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை இமைக்காமல் வைப்பான். சம்பந்தம் அப்படியே குனிந்தான்.

"ஓரத்துல கடிச்சிகினு வருது மச்சான். வெளிச்சம் இன்னிக்கு ஜாஸ்தியா கீதே?"

"கிரகணம்னா அப்படித்தான்," என்றேன். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நாலாவது நிமிடம் துண்டு வெடித்தது.

வலது கண் போயிற்று. இப்போது அவன் தறியில் பூங்காவனம் உட்காருகிறாள். ஆஸ்பத்திரியில் நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. கிரகண தோஷம் கண்ணைப் பறித்தது என்கிறது ஊர். பூங்காவனமும் அதையே சொல்லிப் புலம்புகிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிரகணம் என்ன செய்தது? நான் கையை நிறுத்தியிருந்தால், துண்டு வெடிப்பதற்குள் சூரியன் தானாக விலகிப் போயிருக்கும். நான் நிறுத்தவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நாலு நிமிடமும் சூரியன் அவன் கண்ணை விட்டு இம்மியும் நகரவில்லை. அந்த ஸ்டாண்டில் இனி எவன் குறை சொல்வான்?