தரையில் போட்ட துண்டு

பஸ் அனுமந்தையைத் தாண்டியதும் உப்பளங்கள் தெரியத் தொடங்கின. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

"கடலச் சுத்திப் பாக்கப் போன கப்பல்ல நாற்காலியே இல்லாத எடமாப் பாத்து, வெறும் தரையில துண்டு போட்டு எடம் புடிச்சேன்க்கா."

"தரையிலயா? எதுக்குடி?"

"மேல்தளத்துல ஒரே காத்து. வீல்சேர்ல இருக்குற எங்க வூட்டுக்காரரால அங்க இருக்க முடியல. உள்ள ஏசி ஹால்ல கண்ணாடி வழியா கடல் நல்லாத் தெரியுது. ஆனா கண்ணாடியோரம் பூரா சோபா, எல்லாத்துலயும் ஆளு. ரெண்டு சோபாவுக்கு நடுவுல மட்டும் கொஞ்சம் காலி எடம்."

"அங்க போட்டியா?"

"பஸ்ஸுல போடுற மாதிரிதான். கப்பல்ல வேல செய்றவரு வந்து, இங்க சீட்டே இல்லியே மேடம்னாரு. எங்க வூட்டுக்காரரு சீட்டோட வர்றாருங்கன்னேன்."

மூத்தவர் சிரித்தார். "அப்புறம்?"

"துண்ட எடுத்துட்டு, அவரு முட்டி கண்ணாடியில படுற அளவுக்கு வண்டியத் தள்ளி வுட்டேன். சோபாவுல இருந்தவங்கல்லாம் எங்களத் தாண்டி எட்டி எட்டிப் பாத்தாங்க."

"அவரு என்னா சொன்னாரு?"

"காபியக் குடிச்சிக்கினே ரொம்ப நேரம் கடலப் பாத்தாரு. எங்க போனாலும் இந்த வண்டிக்கு எடம் இல்லன்னுவாங்க, இன்னிக்கி இதுக்கு மட்டுந்தான் எடம் இருந்துச்சின்னாரு."