தொண்ணூறு வாங்கியவளுக்கு உதவித்தொகை நின்ற கதை

மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருந்து, வியர்வை என்றால் என்னவென்றே அறியாத விழாத் தலைவர், மருந்துக்கடை அண்ணன் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்துக்கொண்ட மூத்தவர்களே! பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைத் தான் வாங்கியதாகவே தலையில் தூக்கித் திரியும் தந்தைமார்களே! அந்தத் தந்தைமார்களையும் சேர்த்து இந்த மண்டபத்துக்கு ஓட்டி வந்த தாய்மார்களே! கேடயம் வாங்கப்போகும் பிள்ளைகளே, கைதட்டுவதற்கு மட்டும் அழைக்கப்பட்ட பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த டிரைவிங் ஸ்கூல்காரனின் தலை தாழ்ந்த வணக்கம்.

"கல்வியின் மேன்மை" என்று தலைப்புக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டுவிட்டு வெளியே வந்தவன் நான். ஆனாலும் இந்த ஊரில் ஒழுங்காக ஓடுகிற வண்டியெல்லாம் என் கைபட்டு ஓடுகிறவை. ஒழுங்காக ஓடாதவை? அதை ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள்! என்ன தலைவரே, சிரிக்கிறீர்கள்? உங்களுக்கு ரிவர்ஸ் கற்றுக் கொடுத்தது யார்? நானா, நீங்கள் இடித்த சுவரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைக்குத்தான் கேடயம் என்று நம் வணிகர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆகா, என்ன அறிவு! என்ன ஆற்றல்! என்ன அபாரமான தீர்மானம்! எண்பத்தொன்பது எடுத்த பிள்ளை என்ன, படிக்காமல் பரோட்டாவுக்கா மாவு பிசைந்தது? கேட்டால் கோபம் வரும். வரட்டும். கோபம் வந்தால்தான் சில பேருக்கு மூளைப் பக்கம் ரத்தம் ஓடும்.

என் தங்கை மகளை உங்களுக்குத் தெரியும். தெருவே அவளைத் "தொண்ணூறு" என்றுதான் கூப்பிடும். அவளைப் பெற்றவர், என் மச்சான், அதோ இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, என்னைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கடைக்காரர். அவர் கடையில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு மேலே மகளின் மதிப்பெண்ணைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார். பார்வை மங்கிப் போய் வருகிறவன் முதலில் அதைப் படிக்க வேண்டும். படித்து, பாராட்டி, "அடேங்கப்பா!" என்று சொன்ன பிறகுதான் அவனுக்குக் கண்ணாடி!

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. அதில்தான் படிப்பே ஓடுகிறது. திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டோம் என்றார்கள். தொண்ணூறு வாங்கியவளுக்கு! மச்சான் என்னிடம் ஓடி வந்தார். "மாப்ள, நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்க வாய்க்கு அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். உண்மைதானே!

போனேன். தங்கையையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு நான் உள்ளே நுழைந்ததும் கல்லூரி அலுவலகமே எழுந்து நின்றது. என்ன தங்கச்சி? அங்கிருந்து கையை ஆட்டுகிறாய்? எழுந்திருக்கவில்லையா? சரி, நான்தான் நின்றேன். அங்கே நாற்காலிகளையெல்லாம் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள், எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று. குடிதண்ணீர்க் குழாயில் "பழுது" என்று ஒரு காகிதம். நடுவே கண்ணாடித் தடுப்பு, அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. நீதி கேட்க வந்தவன் நெடுஞ்சாண்கிடையாக விழாத குறையாகக் குனிந்துதான் அந்த ஓட்டையில் வாய் வைத்துப் பேச வேண்டும். குனிந்தேன். கர்ஜித்தேன்.

"என்னம்மா இது? தொண்ணூறு வாங்குற பொண்ணுக்கு உதவித்தொகை இல்லேன்னா, வேற எவனுக்குத்தான் தருவீங்க?"

உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சார், மார்க் நல்லாத்தான் இருக்கு. மார்க் மட்டும் போதாது. எடுத்த பாடத்துல மூணுல ரெண்டு பங்காவது முடிச்சிருக்கணும். குறிச்ச காலத்துக்குள்ள பட்டத்தையும் முடிக்கணும். உங்க பொண்ணு எடுத்ததுல பாதியைத்தான் முடிச்சிருக்கு" என்றார்.

பாதியா? பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் வீட்டு ரகசியம் வெளியே வந்தது. பருவத்துக்கு நான்கு பாடம் எடுப்பாளாம். முதல் தேர்வில் எந்த இரண்டு பாடம் முகத்தைச் சுளிக்கிறதோ, அந்த இரண்டையும் பாதியிலேயே விட்டுவிடுவாளாம். புள்ளியியலை விட்டாள், வேதியியலை விட்டாள், மறுபடியும் புள்ளியியலை எடுத்தாள், மறுபடியும் விட்டாள். கையில் மிஞ்சியது எல்லாம் தொண்ணூறு! தோட்டத்தில் வாடிய செடியையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, "என் தோட்டத்தில் வாட்டமே இல்லை" என்று வீறாப்புப் பேசுகிற வகை இது!

"விட்ட பாடத்தை எதுக்கும்மா கணக்குல சேக்கறீங்க? விட்டதுதான் விட்டாச்சே!" என்றேன்.

"அந்த இடத்துல வேற ஒரு பிள்ளை உக்காந்து படிச்சிருக்கும் சார். உதவித்தொகையும் அந்தப் பாடத்துக்குச் சேர்த்துத்தான் குடுத்தோம். பாதியில விட்டா, எடுத்து முடிக்கலன்னுதான் அர்த்தம்."

சொன்னது நியாயம்தான். ஆனால் அவர்களை மட்டும் விட்டுவிடுவேனா? இந்த விதியை முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். எப்படிச் சொன்னார்கள்? எறும்புகூடக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், ஒரு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்! கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கே கண்ணில் படவில்லை என்றால், மற்றவர் கதி என்ன?

மேல்முறையீடு உண்டு என்றார்கள். தகுந்த காரணம் சொல்ல வேண்டுமாம். மச்சான் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தார்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்! யாருக்கு? என் தங்கைக்கா? இதோ இருக்கிறாள், நன்றாகப் பாருங்கள். இவளை ஒரு வியாதி அண்டினால், அந்த வியாதிக்கல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்!

ஆனால் அந்த ஓட்டையில் குனிந்து அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம். டெஸ்ட்ல அம்பத்தெட்டு வந்துச்சு. அந்த மார்க்கோட வீட்டுக்குப் போக பயமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

அப்போதுதான் அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். "மறுபடியும் அம்பத்தெட்டு வந்தா?"

"முடிப்பேன் மேடம்."

ஒரே ஒரு பருவம் தந்தார்கள். எடுத்த பாடம் ஒவ்வொன்றையும் முடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் உதவித்தொகை அத்தோடு சரி.

இப்போது கேளுங்கள். அதே புள்ளியியல். இந்த முறை இடைத்தேர்வில் நாற்பத்தேழு! நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆக, பிள்ளை கரையில்தான் நிற்கிறாள். ஆனால் பாடத்தை விடுவதற்கு இன்று மாலைதான் கடைசி, போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். காலையிலிருந்து என் மச்சான் அவள் பின்னாலேயே நடக்கிறார். "டிராப் பண்ணிடு தங்கம். நாப்பத்தேழு ஆயுசுக்கும் உன் பேரோட ஒட்டிக்கிட்டு வரும். பீஸை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்ப்பீர்கள் மச்சான்? கண் பரிசோதிக்கிற மெஷினை விற்றா? விற்றுவிட்டு, வருகிறவன் கண்ணை விரலை விட்டா பார்ப்பீர்கள்?

தொண்ணூறு, தொண்ணூறு என்று தொண்டை வறளக் கத்துகிறவர்களே! நான் கேட்கிறேன். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று நடுவழியில் கதவைத் திறந்து குதிப்பவனுக்கு எவனாவது லைசென்ஸ் கொடுப்பானா? சமதரையில் சர்ரென்று போவது ஒரு சாமர்த்தியமா? முதல் கியர் போட்டு, முக்கி முனகி, வியர்த்து விறுவிறுத்து மேட்டைத் தாண்டுகிறவனல்லவா டிரைவர்! நாற்பத்தேழு அவமானமா? நாற்பத்தேழுக்குப் பயந்து ஓடுவது அவமானமா? கற்றதைக் காட்டக் கல்லூரிக்குப் போகிறோமா, கல்லாததைக் கற்கப் போகிறோமா? தெரிந்ததில் தொண்ணூறு வாங்குவது பெருமை என்றால், தெரியாததோடு மல்லுக்கட்டி நாற்பது வாங்குவதற்கு என்ன பெயர்? அதற்கு ஒரு கேடயம் அடிக்க இந்தச் சங்கத்துக்குத் தகரம் கிடைக்கவில்லையா?

உண்மையாகவே கஷ்டம் வந்து பாடத்தை விட்ட பிள்ளை உண்டு. வேலைக்குப் போகிற பிள்ளை உண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளை உண்டு. அவர்கள் போய்ச் சொல்லட்டும், அதற்குத்தான் மேல்முறையீடு. ஆனால் அப்பனின் மீசைக்கு மெருகு போட ஒரு பிள்ளை தன் படிப்பைப் பாதியில் அறுப்பதா? அறுத்த பிறகு அந்த மீசையைத் தடவ முகம் இருக்குமா?

என்ன மச்சான், எழுந்துவிட்டீர்கள்? வெளியே போகிறீர்களா? இல்லையா? மகளைத் தேடுகிறீர்களா? அதோ, தூணுக்குப் பக்கத்தில், செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் அமைதி, அமைதி! பின்னால் குழந்தையைச் சமாதானப்படுத்துங்கள் அம்மா, இங்கே பெரியவர் ஒருவர் பேசப்போகிறார். கேளுங்கள் மச்சான், உங்கள் வாயால் கேளுங்கள்.

கேட்டீர்களா? "அம்பதாவது வருமா?" என்கிறார்.

பிள்ளை என்ன சொல்கிறாள்? "தெரியாதுப்பா. ஆனா முடிச்சிருவேன்."

சொல்லுங்கள் மச்சான். சத்தமாக! ஒலிபெருக்கி வைத்திருக்கிற எனக்கே தொண்டை கட்டிவிட்டது, உங்களுக்கு என்ன?

"முடிம்மா."

அவ்வளவுதான் அய்யா! அவ்வளவுதான்! இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டீர்கள், ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார் என் மச்சான். கைதட்டுங்கள், எனக்கில்லை, அவருக்கு! அம்மாடி, நீ இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதே. போனைப் பைக்குள் போட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்பு.

ஐந்து நிமிடத்தை ஐம்பதாக்கியும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், என்னைத் திருத்திக்கொண்டே இருந்த தங்கைக்கும், திட்டு வாங்கியும் இடத்தைவிட்டு அசையாத பெற்றோருக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக, அவரவர் வண்டியில், மெதுவாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!