அப்பா அறைக் கேமரா

டீ சூடாக இருக்கிறது, மேடம். நன்றி. சூடான டீயைச் சூடாகவே குடிக்கிற பழக்கம் எனக்கு விட்டுப் போய்விட்டது. தம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் “பாப்பா” என்று குரல் வந்துவிடும். போய், வேலையை முடித்து, கை கழுவிவிட்டு வந்தால் டீ மேல் ஏடு படர்ந்திருக்கும். அதையும் குடித்துவிடுவேன். வீணாக்குவானேன்.

பாப்பா என்பது நான்தான். தலை பாதி நரைத்துவிட்டது, வீட்டில் இன்னும் அதுதான் பெயர். பெரியண்ணனும் சின்னண்ணனும் வேலைக்கென்று வெளிநாடு போய், கல்யாணம், குழந்தை குட்டி என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா போய் ரொம்ப நாளாகிறது. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது, “கொஞ்ச நாள் லீவு போடு பாப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் பெரியண்ணன். அந்த லீவு மூன்று வருஷம் ஓடியது.

கேமரா வைக்கச் சொன்னது சின்னண்ணன். அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று. ஹாலில் டிவிக்குக் கீழே ரெக்கார்டர் பெட்டி. கேமராவில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. அண்ணன்கள் எங்கிருந்தாலும் போனில் அப்பாவைப் பார்க்கலாம், பேசலாம், அப்பா பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். எனக்கும் துணை மாதிரி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாளே சுவரிலிருந்து பெரியண்ணன் குரல் வந்தது.

“பாப்பா, அப்பா போர்வை கால்ல நழுவியிருக்கு பாரு.”

இழுத்துவிட்டேன்.

“சோறு ஊட்டும்போது போனைப் பாக்காதே. அவருக்குப் புரையேறிடப் போகுது.”

போனை வைத்தேன். சின்னண்ணன் பேசுவது கம்மி. அவர் படத்தை நிறுத்திப் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். ஒரு நாள் தலையணை உறையில் கறை. ஒரு நாள் அறை மூலையில் நான் கழற்றிப் போட்ட செருப்பு. பெரியண்ணி ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “நீ வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கற பாப்பா, அதான் மாமா கூப்பிடறது உனக்குக் கேக்க மாட்டேங்குது” என்றார். அப்பா அறையில், தரையில்தான் என் படுக்கை. அன்றிலிருந்து கேமராவுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கவலை இருக்கும்தானே.

அப்பாவுக்குக் கேமராவைக் கண்டால் உயிர். சவரம் செய்துவிட்டதும் அதைப் பார்த்துக் கையசைப்பார். பக்கத்து வீட்டு வாத்தியார் நலம் விசாரிக்க வந்தால், நல்ல கையால் அதைக் காட்டி, “பசங்க ரெண்டு பேரும் என்னோடதான் சார் இருக்காங்க” என்பார். குழறினாலும் அந்த வாக்கியம் மட்டும் தெளிவாக வரும். வாத்தியார் ஒரு தடவை என்னைக் காட்டி, “பொண்ணு பக்கத்துல இருக்கறது பெரிய விஷயமில்லையா” என்று கேட்டார். “இவளா? இவ வேற எங்க போவா” என்றார் அப்பா. அதில் கோபமோ கேலியோ இல்லை. அவர் இருந்ததை இருந்தபடி சொன்னார்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் சமாச்சாரம் எனக்கு எப்படித் தெரியும் என்றீர்கள். நெட் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தார்கள். உடனே அண்ணன்கள் போனில் படம் நின்றுவிட்டது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு உயிரை எடுத்தார்கள். கேமரா மாட்டிய டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். அவர் வேறு ஊரில் எங்கோ ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, பயப்படாதீங்க. மவுஸ் எடுங்க. மெனு, அதுல நெட்வொர்க். வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்.”

“முதல்ல ஐபி அட்ரஸ். அது பெட்டியோட வீட்டு நம்பர்னு வச்சுக்கோங்க. புது ரூட்டருக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். நான் சொல்லச் சொல்லப் போடுங்க. அடுத்து கேட்வேன்னு இருக்கா? அதுல கடைசி எண் ஒண்ணு. தப்பாப் போட்டுடாதீங்க, வீட்டை விட்டு வெளிய போற வழி அதுதான்.”

“தப்பாப் போட்டா?”

“ஒண்ணும் வெடிக்காதுக்கா. பெட்டி பாட்டுக்கு ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இருக்கும். வீட்டு வைஃபைல இருக்கற உங்க போன்லகூடத் தெரியும். வெளிய இருக்கறவங்களுக்குத்தான் தெரியாது.”

எண்களைப் போட்டு, சேவ் கொடுத்து, பெட்டியை அணைத்துப் போட்டேன். அண்ணன்களுக்குப் படம் வந்தது. “பரவாயில்லையே, பாப்பா இன்ஜினியர் ஆயிட்டா” என்று சின்னண்ணன் கேலி செய்தார். மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் ஒரு மத்தியானம் எனக்குக் கண் அப்படிச் சொக்கியது. முந்தின இரவு அப்பா தூங்கவே விடவில்லை. நான் கேட்வேயில் கடைசி எண்ணை ஏழு என்று மாற்றிவிட்டு, ஹாலில் ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்தேன். ஒரு மணி நேரம் போதும் என்றுதான் நினைத்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா நனைந்து போய், தொண்டை கட்டிப்போய்க் கிடந்தார். துடைத்து, மாற்றி, மருந்து கொடுத்து, பழைய எண்ணைப் போட்டேன். “என்ன, மத்தியானம் படமே வரல?” என்றார் பெரியண்ணன். “நெட் சரியில்லண்ணா” என்றேன். அவ்வளவுதான். போர்வை நழுவினால் ஊரைக் கூட்டுகிறவர்கள், அப்பா ஒரு மத்தியானம் முழுக்கக் கத்தியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் அதைப் பார்க்கவில்லை, ஆகவே அது நடக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அவ்வப்போது அந்த எண்ணை மாற்றினேன். தூங்கத்தான். வேறெதற்கும் இல்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கை நடுங்கி, அவர் தலை கட்டில் கம்பியில் இடித்தது. பயந்துவிட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டேன்.

“அண்ணா, ஒரு வாரம் யாராவது வாங்க. இல்ல, ஒரு நர்ஸை வைங்க. என்னால முடியல.”

“பேசறோம் பாப்பா, நீ டென்ஷன் ஆகாத” என்றார் பெரியண்ணன்.

பேசினார்கள். அண்ணிகளையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். நர்ஸ் வேண்டாம், வெளியாளை எப்படி நம்புவது என்று முடிவானது. மறுநாள் பெரியண்ணன் சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

“இன்னொரு கேமரா போட்டுடறோம், கிச்சன்ல. அப்பா கூப்பிட்டு உனக்குக் கேக்கலன்னா நாங்க அதுல சொல்லிடுவோம். நீ ஓடி ஓடிப் பாக்க வேண்டாம். உன் கஷ்டம் எங்களுக்குப் புரியாமலா இருக்கு?”

டெக்னீஷியன் வந்தார். ஒயரை அப்பா அறை வழியாக இழுத்தார். ஏணி போடுவதற்காக, கட்டிலின் வலப்பக்கம் இருந்த ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். அப்பாவின் தண்ணீர்த் தம்ளர் எப்போதும் அந்த ஸ்டூல் மேல்தான் இருக்கும். வேலையை முடித்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டூலை நான் நகர்த்தவில்லை, மேடம். திருப்பியும் வைக்கவில்லை.

அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்தேன். ஹாலுக்குப் போய் எண்ணை மாற்றினேன். பிறகு அப்பாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, போனில் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை நாளில் நான் அவரை அப்படி, தூரத்திலிருந்து, பார்த்ததே இல்லை. சின்னதாக, சுத்தமாகத் தெரிந்தார். போனில் வாடை வராது. கனம் தெரியாது. அண்ணன்களுக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

“பாப்பா” என்றார்.

மைக்கை அழுத்தினேன். “சொல்லுங்கப்பா.”

குரல் சுவரிலிருந்து வந்ததும் கேமராவைப் பார்த்தார்.

“தண்ணி.”

“ஸ்டூல் மேல இருக்கு பாருங்க.”

“எட்டல.”

“முயற்சி பண்ணுங்கப்பா. மனசு வச்சா முடியும்.”

அது பெரியண்ணன் அவருக்கு அடிக்கடி சொல்வது. எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அப்பா வலது கையை மார்பின் குறுக்கே நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் தூரம் இருந்தது. விழுந்த பக்கமாக அவரால் புரள முடியாது. நான்தான் புரட்டிவிடுவேன்.

பெரியண்ணன் கூப்பிட்டார்.

“பாப்பா, கேமரா ரெண்டுமே போயிடுச்சே.”

“நெட்டுல ஏதோ வேலை பாக்கறாங்களாம்ணா.”

“சீக்கிரம் சரி பண்ணச் சொல்லு. அப்பாவைப் பாக்காம எனக்கு ஒரு வேலையும் ஓடாது.”

“போனை அவர்கிட்ட தரட்டுமா? பேசறீங்களா?”

நான் நிஜமாகவே கேட்டேன். ‘சரி’ என்றிருந்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்திருப்பேன்.

“வேணாம் வேணாம், மீட்டிங் இருக்கு. படம் வந்ததும் பாத்துக்கறேன்.”

சின்னண்ணன் செய்தி அனுப்பினார். அதில் டெக்னீஷியனின் நம்பர் இருந்தது.

அன்று நிம்மதியாகக் குளித்தேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். சுவரைப் பார்க்காமல், மல்லாந்து படுத்துத் தூங்கினேன். நடுநடுவே போனை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வராது.

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கேமராவைப் பார்த்து, “பெரியவனே, பெரியவனே” என்றார். அவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். அப்புறம் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. சாயங்காலம் வலது கையைத் தூக்கி, சவரம் செய்துகொண்ட நாட்களில் செய்வது போல, கேமராவுக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் படத்தில் அசைவு இல்லை. நெட் மெதுவாக இருக்கிறதோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

எங்கள் டாக்டர் வந்தார். ரொம்ப நாளாகப் படுக்கை, எனக்கும் காய்ச்சல், சாப்பாடும் இறங்கவில்லை என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பெரியண்ணன் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “நீ இல்லன்னா அப்பா எப்பவோ போயிருப்பாரு பாப்பா” என்றார். சின்னண்ணன், கடைசி நேரத்தில் நெட் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று மாய்ந்து மாய்ந்து போனார். அவர்தான், வீட்டைப் பூட்டிவிட்டால் கேமராவாவது இருக்கட்டும் என்று டெக்னீஷியனை வரச் சொன்னார். நான் அடுப்படியில் இருந்தேன். டெக்னீஷியன் எண்ணைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

“அக்கா, கேட்வேல ஏழுன்னு இருக்கே. நீங்களா மாத்துனீங்க?”

“ஆமா தம்பி.”

“ஏன்க்கா?”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் பழைய பதிவை ஓட்டினார். கொஞ்சம் ஓட்டிவிட்டு, மவுஸை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பதிவை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அழிக்கத் தெரியும். அதே மெனுவில்தான் இருக்கிறது. ஆனால் என்னத்துக்கு அழிப்பது? மூன்று வருஷமாக அந்தப் பெட்டி என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தடவையாவது எனக்காகப் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் கொடுக்காமல் அப்பாவைச் சாகவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, இதற்கெல்லாம் வாதாடத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டில் அந்தப் படத்தைப் போட்டால் வேகமாக ஓட்டாமல் முழுசாகப் போடச் சொல்லுங்கள். அண்ணன்களும் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் அவரை அடித்தேன், கிள்ளினேன், கழுத்தைப் பிடித்தேன் என்று நாளைக்கு யாராவது கதை கட்டிவிடக் கூடாது, மேடம். நன்றாகப் பாருங்கள், அத்தனை நேரமும் என் விரல்கூட அப்பா மேல் படவில்லை.