மாத்திரை பெற்றுத் தந்த இரண்டு நாள்

மேடையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, கண் கலங்கி அமர்ந்திருக்கும் பிரசவ வார்டுச் செவிலியர்களே, அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

மகப்பேறு மருத்துவத்தின் மாமணி, எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் நாம் ‘ஏன் டாக்டர்’ என்று செல்லமாக அழைத்த அக்கா, மாரடைப்பால் மறைந்துவிட்டார். நம்பத்தான் முடிகிறதா?

அக்காவும் நானும் பயிற்சி மருத்துவர்களாக இருந்தபோது, ஏழாம் மாதத்திலேயே அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. வேலை பார்த்த வார்டிலேயே நோயாளி! வலியை அடக்கிப் பிரசவத்தைத் தள்ளிப்போட நான்தான் மாத்திரையை நீட்டினேன்.

“இது ரத்தக் கொதிப்பு மாத்திரையாச்சே. கருப்பைய எப்படித் தேடிக் கண்டுபிடிக்குது?”

“அக்கா, முதல்ல முழுங்குங்க!”

“முழுங்கறேன். நீ பதிலச் சொல்லு.”

கருப்பை ஒரு தசைப்பை. அதன் செல்களுக்குள் கால்சியம் நுழைந்தால்தான் அது இறுகும். கால்சியம் நுழையும் அந்த வாசலை மாத்திரை அடைக்கிறது என்றேன். சற்று நேரத்தில் அவர் முகம் சிவந்தது, தலை வலித்தது. பயந்தாரா? இல்லை, சிரித்தார்!

“புரிஞ்சுபோச்சு! இது கருப்பையத் தேடியே போகல. ரத்தக் குழாயிலயும் அதே மாதிரி தசைதானே? அதையும் தளர்த்திட்டுப் போகுது!”

பிறகுதான் என் கையைப் பிடித்தார். “ரெண்டு நாள் கிடைக்குமாடா?”

அந்த இரண்டு நாள் எதற்கு? குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி வேலை செய்வதற்கு. மாத்திரை பிரசவத்தை நிறுத்தாது, சற்றே தள்ளிப்போடும். அவ்வளவுதான்! மூன்றாம் நாள் மீண்டும் வலி எடுத்தது. பிறந்த குழந்தை தானாக மூச்சிழுத்து வீறிட்டது. அந்தக் குரல்காரிதான் இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

அதன்பின் அக்கா எந்தத் தாய்க்கும் விளக்கம் சொல்லாமல் மாத்திரை கொடுத்ததுண்டா? ஒருமுறை ஒரு தையற்காரம்மா கேட்டார்: “டாக்டரம்மா, தசையெல்லாம் தளர்ந்துட்டா நான் எப்படி எழுந்து நடப்பேன்?” அக்காவுக்கு ஒரே குஷி! புத்தகத்தில் படித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “கை கால் தசைக்கு வேண்டிய கால்சியம் உள்ளேயே கையிருப்பா இருக்கும்மா. வாசல அடைச்சாலும் அது அசராது. தலை சுத்தினா மட்டும் கூப்பிடுங்க.”

சரி, சிலருக்குப் பிரசவ வலி ஏன் மாதம் நிறையும் முன்பே தொடங்குகிறது? இதை அக்கா கேட்காத கூட்டமில்லை. முழுமையான விடை இன்னும் யாரிடமும் இல்லை.

தோழர்களே, உறுதி ஏற்போம்! நம் வார்டில் எந்தத் தாயும் காரணம் தெரியாமல் மாத்திரை விழுங்க மாட்டார். நமக்கே தெரியாததைத் தெரியாது என்போம், தேடுவோம்.

அக்கா, நிம்மதியாகத் தூங்குங்கள். கேட்கிற வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.