திரைச்சீலைக்குப் பின்னால் எடுத்த ஸ்கேன் குறித்து

பெயர் மெலெசீனி ஃபொனுவா. வயது ஐம்பத்திரண்டு. மோத்துலோவா தீவு மருத்துவமனையில் உதவியாளர். குடியிருப்பு மீன் சந்தைக்குப் பின்புறம். ஊர் வம்பு முதலில் வந்து இறங்கும் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். லோசலீனியின் குழந்தை இறந்தது தொடர்பாக, ஸ்கேன் எடுக்கும் கெலேபி குறையை மறைத்துவிட்டார் என்று அவளுடைய கணவர் கொடுத்த புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டு நான் கூறுவதாவது:

கெலேபி லோசலீனிக்குப் பெரியப்பா மகன். எங்கள் டோங்காவில் அதற்குப் பெயர் அண்ணன்தான். வயதுக்கு வந்த பிறகு இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. அண்ணன் இருக்கும் இடத்தில் தங்கையின் உடம்பைப் பற்றிப் பேச்சே எழக்கூடாது. தீவில் ஸ்கேன் தெரிந்தவர் கெலேபி ஒருவர்தான்.

மார்ச் மாதம், ஐந்தாம் மாத வயிற்றோடு லோசலீனி வந்தாள். கணவர் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருந்தார். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே திரைச்சீலை கட்டினோம். அதன் பிறகு வயிற்றில் வைத்துத் தேய்க்கும் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு கெலேபி அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கீழ கொண்டு போங்கக்கா. சாய்ங்க. அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி மாவு தேய்க்கத்தான் என் கைக்குத் தெரியும் என்றேன். லோசலீனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வயிறு குலுங்கியது, "சிரிக்க வேணாம்னு சொல்லுங்கக்கா" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அதன் பிறகு குழந்தையின் முதுகைப் பார்க்க வந்தோம். அதே இடத்தை மறுபடி மறுபடி காட்டச் சொன்னார். குழந்தையின் முதுகெலும்பு இரண்டு வரிசை முத்துப்போல ஒழுங்காக ஓடிவந்து, இடுப்புக்கு மேலே விலகித் திறந்து கிடந்ததாகப் பிற்பாடு சொன்னார். அன்று சொன்னது, "நுகுஅலோஃபா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், பிரசவமும் அங்கதான்னு சொல்லுங்கக்கா" என்பது மட்டும்.

"ஏன் தம்பி?" என்று கேட்டேன்.

"போகணும்னு சொல்லுங்க."

வெளியே தாழ்வாரத்தில் மறுபடி கேட்டேன். என் வாயை நம்பி எவரும் எதையும் சொல்வதில்லை, அது நியாயம்தான். "அவ புருஷன் வரட்டும், அவர்கிட்ட சொல்றேன். தங்கச்சி வயித்தப் பத்தி நான் எப்படிக்கா வாயத் திறப்பேன்" என்றார். நான் கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை. டாக்டர் அப்போது விடுப்பில் இருந்தார். வேறு யாரும் காரணம் சொல்லவில்லை.

அதன் பிறகு லோசலீனியிடம், "கப்பல் ஏறிப் போயிட்டு வாடி" என்று பலமுறை சொன்னேன். "என்னத்துக்குக்கா? இங்க இருக்கற மெஷின் என்னைப் பாத்து வெக்கப்படுது, அங்க இருக்கறது வெக்கப்படாது, அவ்வளவுதானே" என்றாள். மே மாதம் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. அன்று தேவாலயத்தில் பாடும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் அவள். அது முடியட்டும் என்றாள். முடிந்த பிறகு காற்று மோசம், கப்பல் வரவில்லை. கணவர் ஊர் திரும்புமுன், ஜூன் மாதத்தில் நாள் நிறையாமலேயே வலி கண்டுவிட்டது.

பெண் குழந்தை. முதுகு மூடாமல் பிறந்தது. ஈரத்துணி வைத்து மூடி, விமானத்துக்குச் சொல்லி அனுப்பினோம். நல்ல முடி. என் விரலைப் பிடித்துக்கொண்டது. கால்கள் அசையவில்லை. விமானம் இறங்குமுன் மூச்சு நின்றது.

அதன் பிறகு லோசலீனி கெலேபியைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வந்து, வழக்கப்படி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"திரும்புண்ணே" என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"திரும்பு. எனக்குத் திரைதான் தெரிஞ்சுது. அவளை உயிரோட உள்ள பாத்தவன் நீ ஒருத்தன்தான். என்ன பண்ணிக்கிட்டிருந்தா, சொல்லு."

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்து, "விரல் சூப்பிக்கிட்டிருந்தா. நீ சிரிச்சப்ப தூக்கிப்போட்டு முழிச்சா. அப்புறம் கொட்டாவி விட்டா" என்றார்.

லோசலீனி, "அன்னிக்கும் இப்படித் திரும்பியிருக்கலாமேண்ணே" என்றாள்.

நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். நானாக வெளியே வந்த ஒரே தடவை அது என்று வார்டில் பேசிக்கொள்கிறார்கள். கெலேபி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், காரணம் சொல்லவில்லை, இரண்டும் உண்மை. தயவுசெய்து இரண்டையும் எழுதிக்கொள்ளவும்.

மேற்கண்டதை எனக்கு டோங்க மொழியில் வாசித்துக் காட்டினார்கள். நான் பேசியதில் பாதியை அதிகாரி எழுதாமல் விட்டிருக்கிறார். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) மெலெசீனி ஃபொனுவா